ஒரு கிழங்கின் பாகப்பிரிவினை

பாகப்பிரிவினை என்பது நமது வீடுகளில் மங்களகரமான வார்த்தை அல்ல. ஒரு கூட்டுக் குடும்பம் பிரிகிறதென்றால் ஊரார் உச்சுக் கொட்டுகிறார்கள். வக்கீல் குமாஸ்தா ஒருவர்தான் உற்சாகம் அடைகிறார். நான்கு காணி நிலம் நான்கு பேருக்குப் போய், வரப்பு நீங்கலாக மிச்சம் என்னவென்று அளக்கும்படி ஆகிவிடுகிறது. பிரித்தால் சொத்து குறையும் என்பது நம் பெரியோர்களின் அநுபவ ஞானம்.

தாவர உலகத்தில் இந்தச் சாஸ்திரம் செல்லாத குடும்பங்கள் சில உண்டு. அவற்றைப் பிரித்தால் பெருகும். பிரிக்காமல் விட்டால் க்ஷீணிக்கும். அத்தகைய ஒன்றாகிய ரூபார்ப் என்னும் செடியைப் பற்றி இவ்வாரம் பிரஸ்தாபிக்க விரும்புகிறோம்.

"குளிர் தேசத்துச் செடியைப் பற்றி நமக்கென்ன?" என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். சென்னையிலும் மதுரையிலும் இது பிழைக்காது. குளிர்காலத்தில் சில வாரங்களாவது உறைபனியை ஒட்டிய குளிர் பட்டாலன்றி இதன் முளைகள் சரிவர விழிப்பதில்லை. கோடை கடுமையானால் செடியே சோர்ந்து போகும். ஆனால் இன்று நமது குடும்பங்கள் பலவற்றில் ஒரு பிள்ளையாவது பெண்ணாவது லண்டனிலோ டொராண்டோவிலோ குடியிருக்கிறார்கள். அவர்கள் விலைக்கு வாங்கும் பழைய வீட்டின் கொல்லை மூலையில், முந்தைய சொந்தக்காரர் விட்டுச் சென்ற ஒரு பெரிய தூர் இருக்கும். யானைக் காதுபோல் அகன்ற இலை. கீரைத் தண்டைப்போல் நீண்டு, அடியில் சிவந்த காம்பு. அதுதான் ரூபார்ப். அதை என்ன செய்வது என்று தெரியாமல் வெட்டி எறிபவர் சிலர், இலையின் செழுமையைக் கண்டு, "நல்ல கீரையாயிற்றே!" என்று சமைக்கத் துணிபவரும் இருக்கலாம். முதற் காரியம் நஷ்டம், இரண்டாவது அபாயம். ஆகையால் விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

அபாயத்தை முதலில் சொல்லிவிடுவோம். ரூபார்ப் செடியில் உண்ணத் தக்கது அதன் காம்பு மட்டுமே. இலைப் பரப்பில் ஆக்ஸாலிக் அமிலம் மிகுதியாக உள்ளது, அதை உண்ணலாகாது. வேகவைத்தாலும் அந்தத் தோஷம் நீங்காது. முதல் உலக மகாயுத்தத்தின்போது இங்கிலாந்தில் உணவுப் பஞ்சம் நேர்ந்த சமயத்தில், இந்த இலைகளையும் கீரையாக உண்ணலாம் என்று யோசனை கூறப்பட்டது. அதை நம்பி உண்டவர்களில் பலர் நோயுற்றார்கள்; சில மரணங்களும் நேர்ந்தன. நமது கருணைக் கிழங்கு நாக்கை அரிப்பதற்கும் ஆக்ஸலேட் படிகங்களே காரணம். கருணை உடனே அரித்து நம்மை எச்சரிக்கிறது. ரூபார்ப் இலையோ அப்படி எச்சரிப்பதில்லை. வெட்டிய இலைகளை எருக்குழியில் போடலாம். மண்ணில் மக்கும்போது அந்த அமிலம் சிதைந்துவிடுகிறது.

இந்தச் செடியின் குலம் கோத்திரத்தைப் பார்த்தால், இது நமக்கு முற்றிலும் அந்நியம் அல்ல என்பது விளங்கும். நம் சுக்கான்கீரையும் இதுவும் ஒரே தாவரக் குடும்பம். இரண்டின் புளிப்பும் ஒரே ஜாதிப் புளிப்பு. இதன் நெருங்கிய உறவினமான மற்றொரு செடியின் வேர்தான் நாட்டு மருந்துக் கடைகளில் 'ரேவல்சின்னி' என்ற பெயரில் விற்பது. பெயரில் உள்ள 'சின்னி' சீன தேசத்தைக் குறிக்கிறது. பேதி மருந்தாகிய அந்தச் சீன வேருக்கு ஒரு காலத்தில் உலகமெங்கும் இருந்த கிராக்கி கொஞ்சமல்ல. ருஷ்ய அரசாங்கம் 18-ஆம் நூற்றாண்டில் அந்த வியாபாரத்தைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. 1839-இல், இந்தியாவில் விளைந்த அபினைக் கொண்டுவந்து கொட்டுவதை நிறுத்தும்படி விக்டோரியா ராணிக்குக் கடிதம் வரைந்த சீன அதிகாரி லின் சே-ஷு, தேயிலையும் ரூபார்ப்பும் இல்லாமல் அந்நிய நாட்டார் ஒரு நாளும் காலந்தள்ள முடியாது என்று நம்பி, அதையும் அக்கடிதத்தில் எடுத்துக் காட்டினார். பீரங்கியுடன் வந்தவர்களுக்குப் பேதி மருந்தை நினைவூட்டிப் பயன் என்ன? அபின் யுத்தம் மூண்டுவிட்டது.

காம்பை உணவாக்கும் வழக்கம் இங்கிலாந்தில் பரவியது சர்க்கரை மலிவான பிறகுதான். 19-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் லண்டனை அடுத்த டெப்ட்போர்டில் ஜோஸப் மையட் என்ற தோட்டக்காரர் காம்புகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஆரம்பத்தில் வாங்குவாரில்லை, பிறகு தேடி வந்து வாங்கினார்கள். அவர் வெளியிட்ட வகைகளில் ஒன்று 'விக்டோரியா'. இன்றும் அப்பெயர் வழங்கிவருகிறது. சர்க்கரை சேர்த்து வேகவைத்தும், மாவுக்குள் பொதிந்து சுட்டும், இஞ்சி கூட்டி ஜாம் செய்தும் உண்கிறார்கள். நமது புளிச்சகீரையின் ருசியை அறிந்தவர்களுக்கு இந்தப் புளிப்பு பிடிபடுவது கஷ்டமல்ல.

இனிப் பாகப்பிரிவினைக்கு வருவோம்.

ரூபார்ப்பின் மேற்பகுதி ஆண்டுதோறும் பனிக்காலத்தில் மடிந்துவிடும். மண்ணுக்குள் இருக்கும் பருத்த கிழங்கே அதன் உயிர். அதன் தலையில் சிவந்த மொட்டுகளாகக் கண்கள் இருக்கின்றன. வசந்த காலத்தில் ஒவ்வொரு கண்ணிலிருந்தும் காம்பும் இலையும் கிளம்புகின்றன. ஆண்டுக்கு ஆண்டு கண்கள் அதிகரிக்கின்றன, இடமோ அதிகரிப்பதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் சென்றால் ஒரே அடுப்பில் பத்து மருமகள்கள் சமைப்பது போன்ற நிலைமை உண்டாகிறது. காம்புகள் விரல் பருமனுக்கு மெலியும். இலைகள் சிறுத்து எண்ணிக்கையில் மட்டும் பெருகும். பூந்தண்டு அடிக்கடி தலை நீட்டும். நடுக்கிழங்கு மரத்துப்போய் உள்ளே அழுகத் தொடங்கும். எரு போடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை என்று சொந்தக்காரர் தம்மையே நொந்துகொள்வார். குறை எருவில் இல்லை, நெருக்கத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட செடிக்கு மேலும் மேலும் எரு போடுவது, பிரிய வேண்டிய குடும்பத்துக்குப் பெரிய அண்டாவாக வாங்கிக் கொடுப்பதற்குச் சமம்.

ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து நட வேண்டும் என்பது தோட்டக்காரர்களின் விதி. இதற்கு மற்றொரு முக்கிய காரணமும் உண்டு. ரூபார்ப்பை விதையிலிருந்தும் வளர்க்கலாம். ஆனால் விதைப் பிள்ளை தாயைப்போல் இருக்கும் என்ற நிச்சயம் இல்லை. சிவப்புத் தாய்க்குப் பச்சைப் பிள்ளை பிறக்கும். தடித்த காம்புக்கு மெலிந்த காம்பு பிறக்கும். தாயின் குணம் மாறாமல் வேண்டுமானால் கிழங்கைப் பிரிப்பதே வீட்டுத் தோட்டக்காரருக்கு உள்ள வழி. ஒரு நல்ல வகை நூறு ஆண்டுகளாக ஒரு குடும்பத்தில் இருந்துவருகிறதென்றால், நூறு ஆண்டுகளாக யாரோ ஒருவர் அதைக் காலாகாலத்தில் பிரித்து நட்டு வந்திருக்கிறார் என்று பொருள். ஒரு தலைமுறை சோம்பியிருந்து அந்தத் தூர் அழுகிவிட்டால், பெயர் தெரியாத அந்த வகையைப் பிறகு எந்தக் கடையிலும் தேடிப் பிடிக்க முடியாது.

பிரிப்பதற்குக் காலம் எது? செடி உறங்கும் காலம். இங்கிலாந்தில் இலை மடிந்த பிறகு, அதாவது அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரையில், மண் உறைந்திராத நாளாகவும் சேறாக இல்லாத நாளாகவும் பார்த்துச் செய்யலாம். கானடாவைப் போலப் பனி கடுமையான நாடுகளில், வசந்தத்தில் மண் இளகியதும் கண்கள் பருக்கத் தொடங்கும் தறுவாயில் செய்வது உத்தமம். இலைகள் விரிந்து ஆடும் காலத்தில் செய்யலாகாது. அப்பொழுது வேரை அறுத்தால் இலைக்குத் தண்ணீர் எட்டாது.

காரியம் செய்யும் முறை இது. முதலில் புதிய இடத்தைத் தயார் செய்துவிட வேண்டும். கிழங்கைத் தோண்டி வைத்துக்கொண்டு பிறகு இடம் தேடுவது, முகூர்த்தம் வந்த பிறகு மாப்பிள்ளை தேடுவதைப் போன்றது. நல்ல வெளிச்சம் படும் இடமாகவும், தண்ணீர் தேங்காத இடமாகவும் இருக்க வேண்டும். முன்பு ஒரு ரூபார்ப் அழுகிச் செத்த இடம் வேண்டாம். ஓர் அடி ஆழத்துக்கும் இரண்டடி அகலத்துக்கும் மண்ணைக் கிளறி, நன்கு மக்கிய தொழு எருவைத் தாராளமாகக் கலக்க வேண்டும். புல், அறுகு முதலியவற்றின் வேர் ஒன்றுகூட மிஞ்சலாகாது. இனி ஐந்தாறு ஆண்டுகள் அந்த இடத்தை ஆழமாகக் கொத்த முடியாதல்லவா?

பிறகு பழைய தூரை எடுக்க வேண்டும். தலையிலிருந்து ஓரடி தள்ளிச் சுற்றிலும் மண்ணைத் தளர்த்தி, நான்கு பற்களுள்ள தோட்டக் கவையை அடியில் செலுத்தி நெம்பினால் கிழங்கு மேலே வரும். அடிவேர்கள் வெகு ஆழம் செல்பவை; அவை முழுவதும் வரவேண்டும் என்று பிடிவாதம் செய்ய வேண்டியதில்லை. நுனி அறுந்தால் பாதகமில்லை. புதிய வேர் விடும். தூர் மிகப் பெரிதாயிருந்தால் முழுவதையும் எடுக்காமல், ஒரு பக்கத்தை மட்டும் மண்வெட்டியால் பிளந்து எடுத்துக்கொண்டு மீதியை அங்கேயே விட்டுவிடுவதும் உண்டு. அப்படிச் செய்தால் அந்த ஆண்டு வீட்டுக்கு வேண்டிய காம்பும் கிடைக்கும். புதுச் செடியும் கிடைக்கும்.

எடுத்த கிழங்கை உடனே வெட்டத் தொடங்காமல், மண்ணை உதிர்த்து, கண்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்தப் பாகப்பிரிவினைக்கு ஒரே ஒரு சட்டம்தான்: ஒவ்வொரு பங்குக்கும் குறைந்தது ஒரு கண்ணாவது, அதைத் தாங்கும் அளவுக்குக் கிழங்கும் வேரும் இருந்தாக வேண்டும். கண் இல்லாத பங்கு எவ்வளவு பருத்திருந்தாலும் முளைக்குமென்று எதிர்பார்க்க இயலாது. கண் இருந்து கிழங்கும் வேரும் இல்லாத பங்கோ முளைத்துவிட்டு வாடும். அளவில் சமமாகப் பிரிப்பது இங்கே நீதியல்ல. உயிர் வாழ வேண்டியது எல்லாம் ஒவ்வொரு பங்கிலும் இருக்கும்படி பிரிப்பதே நீதி. ஒரு பங்கு தேங்காயளவு இருந்து அதில் இரண்டொரு கண் இருந்தால் விசேஷம். கூர்மையான மண்வெட்டியாலோ கத்தியாலோ ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். கையால் பிய்த்தால் நார் கிழிந்து அழுகலுக்கு வழி செய்யும்.

நடுக்கிழங்கின் மேல் பலருக்கு ஒரு பக்தி உண்டு. "இதுவல்லவா ஆதி மூலம்!" என்று அதை முதலில் நடுவார்கள். உண்மையில் ஓரத்துக் கிழங்குகளே இளமையும் வீரியமும் உள்ளவை. நடுப்பாகம் பழுப்பேறி, பஞ்சுபோல் நைந்து, துர்நாற்றம் வீசினால் தயவு தாட்சண்யமின்றி எறிந்துவிட வேண்டும். கண்களுக்குக் கீழே சதை கறுத்திருந்தால் அது அழுகல் நோய். அந்தப் பங்கை அண்டை வீட்டாருக்குத் தானம் செய்வதும் புண்ணியமாகாது. இலைகளில் மஞ்சள் தேமல் படர்ந்து வருஷா வருஷம் நலிந்துவந்த செடியையும் பங்கிடக் கூடாது. வைரஸ் நோய் பங்கோடு கூடவே போகும். இதற்காகவே ஆராய்ச்சிக் கூடங்களில் முளை நுனியிலிருந்து நோயற்ற கன்றுகளை வளர்த்து எடுக்கும் முறையும் ஏற்பட்டிருக்கிறது. செடி சந்தேகத்துக்கு இடமானதாக இருந்தால் அத்தகைய கன்றை வாங்கிப் புது இடத்தில் வைப்பதே மேல்.

பங்குகளை அன்றே நட்டுவிட வேண்டும். இயலாவிட்டால் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைக்கலாம். வேர் காயாமலிருந்தால் சரி. செடிக்குச் செடி மூன்றடி இடைவெளி அவசியம். சிறிய துண்டுதானே என்று நெருக்கி நட்டால் மூன்றாவது ஆண்டிலேயே மறுபடியும் பாகப்பிரிவினை வழக்கு வந்துவிடும். நடும் ஆழத்தில்தான் பெரும்பாலோர் தவறிவிடுகிறார்கள். கண் மண்ணின் மேல் மட்டத்தில், எட்டிப் பார்ப்பதுபோல் தெரிய வேண்டும். களிமண்ணாக இருந்தால் இன்னும் சற்று உயரமாகவே இருக்கட்டும். ஆழப் புதைத்தால் தண்ணீர் தங்கி அழுகும். சுற்றிலும் காலால் மிதித்து மண்ணை இறுக்கி, தண்ணீர் விட்டு, மேலே மக்கிய எருவைப் பரப்பலாம். ஆனால் எரு கண்ணின் மேல் குவியக் கூடாது. குளிருமே என்று பச்சாதாபப்பட்டுப் போர்த்துவதும் வேண்டாம். குளிர்தான் அதற்கு மருந்து.

நட்டபின் மிகக் கடினமான வேலை ஒன்று பாக்கியிருக்கிறது. அது சும்மா இருப்பது. முதல் ஆண்டில் ஒரு காம்பையும் பறிக்கக் கூடாது. குழந்தைகள் கேட்பார்கள், விருந்தாளி வந்திருப்பார், காம்பும் சிவந்து நிற்கும். ஆயினும் கை வைக்கலாகாது. இலைகள் சம்பாதித்துத் தரும் உணவைக் கொண்டுதான் அறுபட்ட கிழங்கு தன்னைக் கட்டிக்கொள்கிறது. இரண்டாம் ஆண்டில் சில காம்புகள் மட்டும். மூன்றாம் ஆண்டிலிருந்து தாராளமாக எடுக்கலாம். அப்போதும் பாதியையாவது செடிக்கு விட்டுவிட வேண்டும். ஜூலை மாதத்துக்குள் பறிப்பதை நிறுத்திவிட வேண்டும். பறிக்கும்போது கத்தி வேண்டாம். காம்பை அடியில் பிடித்து, லேசாகத் திருகி இழுத்தால் முழுதாகக் கழன்று வரும். வெட்டினால் மிஞ்சும் அடிக்கட்டை அழுகும். பூந்தண்டு தோன்றினால் உடனே அடியோடு நீக்கிவிட வேண்டும். விதை பிடிக்க விட்டால் கிழங்கின் பலம் அதில் செலவாகும்.

வீடு மாற்றும் நாள் நம் சௌகரியப்படி வருவதில்லை. நடுக் கோடையில் கிளம்ப நேர்ந்தால் என் செய்வது? வீட்டை வாங்குகிறவரிடம் சொல்லி, பனிக்காலத்தில் வந்து ஒரு பங்கு எடுத்துக்கொள்ள அநுமதி பெறுவது முதல் வழி. அதற்கு வகையில்லாவிட்டால், மாலை வேளையில் பெரிய மண் கட்டியோடு தோண்டி, இளம் இலை இரண்டொன்று நீங்கலாக மற்றவற்றை நீக்கி, நீர் சொட்டும்படி நனைத்து, தொட்டியில் வைத்து நிழலில் கொண்டுபோக வேண்டும். வழியில் இலை துவண்டு விழுந்தால் கதை முடிந்தது என்று எறிந்துவிட வேண்டாம். கிழங்கு உறுதியாக இருக்கும்வரை நம்பிக்கைக்கு இடமுண்டு. கோடையில் துண்டு போடுவது மட்டும் கூடாது. பாகப்பிரிவினையைப் பனிக்காலத்துக்கு ஒத்திவைக்க வேண்டும்.

இந்தக் கிழங்கின் பொறுமையை மனிதர்கள் எவ்வளவு தூரம் பரீட்சிக்கிறார்கள் என்பதை அறிய யார்க்ஷயர் பிரதேசத்தைப் பார்க்க வேண்டும். 1817-இல் லண்டனில் செல்ஸி மருந்துத் தோட்டத்தில் தற்செயலாக மண் மூடிய கிழங்குகள் இருட்டில் இளஞ்சிவப்பான மெல்லிய காம்புகளை விட்டன என்பார்கள். அந்த யுக்தியைப் பெரிய தொழிலாக்கியவர்கள் வேக்பீல்டு, மார்லி, ராத்வெல் ஊர்ப்புறத்து விவசாயிகள். கம்பளி ஆலைகளின் கழிவு அவர்களுக்கு எருவாயிற்று. அருகில் வெட்டிய நிலக்கரி கொட்டகைகளைச் சூடேற்றிற்று. இரண்டு ஆண்டுகள் வயலில் ஒரு காம்பும் பறிக்காமல் கிழங்கைக் கொழுக்க வைப்பார்கள். பனி நன்றாகப் பட்டதும் தோண்டி, இருண்ட கொட்டகைக்குள் அடுக்குவார்கள். வெளிச்சத்தைத் தேடி அது தன் சேமிப்பையெல்லாம் செலவழித்துக் காம்பாக நீட்டும். அதை மெழுகுவத்தி வெளிச்சத்தில் பறிப்பார்கள். ஒரு காலத்தில் பனிக்காலம் முழுவதும் இதற்கென்றே லண்டனுக்கு இரவு ரயில் ஓடிற்று. இந்தக் காம்புக்கு 2010-இல் ஐரோப்பிய யூனியனின் ஸ்தலப் பெயர்ப் பாதுகாப்பும் கிடைத்தது.

ஆனால் அந்தக் கொட்டகைக் கிழங்கின் கதி என்ன? அறுவடை முடிந்ததும் அது வெறும் சக்கை, எருவாகத்தான் போகும். அடுத்த பயிருக்கு வேண்டிய நாற்றை, கொட்டகைக்கு அனுப்பாமல் வயலில் வைத்திருக்கும் கிழங்குகளைப் பிரித்தே எடுக்கிறார்கள். வீட்டுத் தோட்டத்திலும் சட்டியைக் கவிழ்த்து மூடி, முன்கூட்டியே காம்பு எடுக்கும் வழக்கம் உண்டு. அப்படிச் செய்த செடியில் அந்த ஆண்டு மறுபடியும் பறிக்கக் கூடாது. உடனே பிரிக்கவும் கூடாது. சேமிப்பு கரைந்த குடும்பத்தைப் பிரித்தால் எந்தப் பங்குக்கும் மூலதனம் இராது. வெளிச்சத்தில் இலை விட்டு ஓரிரு ஆண்டுகள் தேறிய பிறகே அதன் மேல் மண்வெட்டியை வைக்கலாம்.

ஒரு நல்ல தூரிலிருந்து பெரும்பாலும் நான்கைந்து பங்குகள் தேறும். ஒரு சிறிய குடும்பத்துக்கு இரண்டு செடி போதும். மிச்சத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு இங்கிலாந்தின் பகுதிநேரத் தோட்டக்காரர்கள் எப்பொழுதோ விடை கண்டுவிட்டார்கள்: வேலிக்கு அப்பால் கொடுத்துவிடுகிறார்கள். அயலாருடன் பேச்சுத் தொடங்குவதற்கு நமது பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல காரணம் அகப்படாது. கொடுக்கும்போது வகையின் பெயர் தெரிந்தால் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். இலையை உண்ணலாகாது என்பதையும் அதே சீட்டில் எழுதட்டும். நம்மிடம் உள்ள செடி ஒரு வருஷம் அழுகிப்போனாலும், அதே செடி வேலிக்கு அப்பால் உயிரோடு இருக்கும். போய் ஒரு பங்கு கேட்டு வாங்கி வரலாம்.